மூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் அமெரிக்காவின் அசட்டீக் தீவு மட்டக்குதிரைகளைப் பற்றிப் போட்டிருந்தீர்கள். ஜூலை மாதம் வந்தால் அவற்றைக் கடலில் நீந்தவிட்டுப் பக்கத்துச் சிங்கோட்டீக் தீவுக்கு ஓட்டி வருவதும், குட்டிகளை ஏலம் விட்டு அந்த ஊர்த் தீயணைப்புப் படைக்குப் பணம் சேர்ப்பதும் 1925 முதல் நடக்கிறது என்ற செய்தி. என் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். வாயைத் திறந்தபடி முழுவதும் கேட்டுவிட்டு, "நம்ம குதிரையை ஏன் அப்பாயி பேப்பர்ல போடல?" என்றான்.

அவன் கேட்டதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

நம்ம குதிரை என்று அவன் சொன்னது கோடியக்கரைக் குதிரைகளை. வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சரணாலயம் வந்துவிடும். வெளிமான்களுக்காக 1967-ல் அறிவித்த காடு அது. பூநாரை பார்க்க வருகிறார்கள், மான் பார்க்க வருகிறார்கள். திரும்பிப் போகும்போது "அட, குதிரைகூட இருக்குதே" என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரோ எப்போதோ வளர்த்து விட்ட மட்டக்குதிரைகளின் வம்சம். யார் விட்டது என்பதற்கு எங்கள் பக்கம் ஆளுக்கொரு கதை உண்டு. இன்றைக்கு அவற்றுக்கு லாயமும் கிடையாது, கடிவாளமும் கிடையாது, கொள்ளு வைப்பாரும் கிடையாது. தானே மேய்ந்து, தானே குட்டி போட்டு, தானே சாகின்றன.

எனக்குக் குழந்தைகளோடுதான் பிழைப்பு. முப்பது வருடத்துக்கு மேல் அங்கன்வாடியில் இருந்தேன். ஊரில் இன்னும் பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பேரன் என்னோடு இருந்து ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான். எழுத்துக் கூட்டச் சொன்னால் வயிற்று வலி வந்துவிடும் அவனுக்கு.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்து, வீட்டு விலங்கா காட்டு விலங்கா என்று டிக் அடிக்க வேண்டும். பசு, சிங்கம், நாய், யானை, குதிரை. இவன் குதிரைக்குக் காட்டு விலங்கு என்று டிக் அடித்தான். ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரையில் கடலாடப் போனபோது பஸ் ஜன்னல் வழியாக அவன் கண்ணால் பார்த்தது அது. சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி போட்டு வந்தது தாள். டீச்சரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த தாளில் இரண்டு கட்டம்தான் இருந்தது, அவர் என்ன செய்வார்? ஆனால் பையன் அழுத அழுகை மார்க்குக்காக இல்லை. "நான் பார்த்தேன் அப்பாயி, நெஜமா பார்த்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். தன் கண்ணையே பொய் என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி.

சரி, இந்தக் குதிரையை விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பொங்கல் விடுமுறையில், காலை ஏழு மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு ஆட்டோவில் போய் இறங்கினோம். மழைக்காலம் முடிந்து புல் பச்சையாக இருந்தது. முதல் பாடமே ஈர மண்ணில் கிடந்தது. மானின் குளம்பு இரண்டாகப் பிளந்து பதியும். குதிரையின் குளம்பு பிளவில்லாமல் வட்டமாக ஒன்றே ஒன்று. குதிரை நிற்பது காலுக்கு ஒரே ஒரு விரலில் என்று சொன்னபோது செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு விரலில் நிற்கப் பார்த்தான், விழுந்தான், மறுபடியும் நின்றான். அங்கேயே குந்தி ஒரு குச்சியால் இரண்டு தடத்தையும் மண்ணில் வரைந்தான். வீட்டில் 'ட' எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்பவன்.

அப்புறம் குதிரைகளே வந்தன. முதல் கூட்டத்தில் ஏழு, தள்ளி நின்ற கூட்டத்தில் நாலு. இரண்டு குட்டிகள். எண்ணினான், தப்பாக எண்ணினான், அவை இடம் மாற மாற மறுபடி எண்ணினான். ஒரு கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஆண் குதிரைதான் இருக்கும், மற்றவை பெண் குதிரைகளும் குட்டிகளும் என்று சொன்னேன். "அப்போ அந்த அப்பா குதிரை திருப்பூர் போகாதா?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கையில் ஒரு கேரட் ஒளித்து எடுத்து வந்திருக்கிறான், எனக்குத் தெரியாமல். கொடுக்கக் கூடாது என்றதும் ஒரே ரகளை. பக்கத்தில் ஒரு வேனில் வந்தவர்கள் பிஸ்கட்டை வீசிக்கொண்டிருந்தார்கள், பாக்கெட் கவரோடு. அவர்களைக் காட்டி "அவங்க மட்டும்?" என்கிறான். தீனிக்குப் பழகின குதிரை ரோட்டுக்கு வரும், ரோட்டுக்கு வந்தால் வண்டி அடிக்கும், கிட்டே போனால் அது கடிக்கும், உதைக்கும் என்று சொல்லிப் புரியவைக்கப் பாதி காலை போனது. வேனில் வந்தவர்களிடமும் சொன்னேன். அவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதம் எங்களுக்கு எல்லாப் பாடமும் குதிரைதான். திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்தது.

மட்டக்குதிரை என்றால் எவ்வளவு மட்டம் என்று கேட்டான். இங்கிலீஷ் பேசும் நாடுகளில் குதிரையைக் கையால் அளக்கிறார்கள். ஒரு கை என்றால் உள்ளங்கையின் அகலம், நாலு அங்குலம். பதினான்கு கையும் இரண்டு அங்குலமும் வரைக்கும் மட்டக்குதிரை என்பது பொதுக்கணக்கு, அதாவது 58 அங்குலம். தலைவரைக்கும் அளக்கக் கூடாது, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரைக்கும்தான். தையல் டேப்பை வைத்துச் சுவரில் கரிக்கோடு போட்டேன். ஐந்தடி உயரமுள்ள எனக்கு நெற்றிக்கு நேரே வந்தது. கோட்டுக்குக் கீழே முழுக்க என் உள்ளங்கையை வைத்து எண்ணினால் பதினாலரை. அவன் கையை வைத்து எண்ணினால் இருபத்து மூன்று. "என் குதிரைதான் பெரிசு" என்று குதித்தான். ஒரே குதிரைக்கு இரண்டு அளவு எப்படி வந்தது என்று அவனே யோசிக்க இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் குளிக்கும்போது, "ஒங் கை பெரிசு, அதான் கொஞ்சம்" என்று கத்தினான். எறும்பும் தன் கையால் எண்சாண் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதுதானடா என்றேன். உடனே எறும்பு தேடப் போய்விட்டான். இதில் ஒரு வேடிக்கை, குதிரைக்காரர்கள் இந்த அளவை 14.2 என்று எழுதுவார்கள். அது தசமப் புள்ளி இல்லை. 14.3-க்கு அடுத்தது 15. போனில் என் மகனுக்கு இதைப் புரியவைக்கத்தான் நேரமானது. பையனுக்கு நாலு அங்குலம் சேர்ந்தால் அடுத்த கை என்பதில் குழப்பமே இல்லை.

தண்ணீர்க் கணக்கு இன்னும் நன்றாக இருந்தது. பெரிய குதிரை ஒன்று நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். மட்டக்குதிரைக்கு அதில் பாதி என்று வைத்தால் நம் பிளாஸ்டிக் குடத்தில் ஒரு குடம். அன்றைக்கு நாம் பார்த்தது பதினொன்று. அப்படியானால் எத்தனை குடம்? விடை சொல்லிவிட்டான். விடை சொன்னது போதாது, கொண்டு வா பார்க்கலாம் என்று சின்னக் குடத்தைக் கொடுத்துத் தெருக்குழாய்க்கு அனுப்பினேன். மூன்றாவது நடையில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். "சித்திரையில குளம் காஞ்சா அதுங்க என்ன பண்ணும்?" என்று அப்போதுதான் கேட்டான். கூட்டல் கணக்கு அந்தக் கேள்வி வரைக்கும் வந்ததே, அது எனக்குப் பெரிது.

தமிழுக்கு எதிர்வீட்டுத் தமிழய்யா இருக்கிறார், ஓய்வு பெற்றவர். குதிரை கனைக்கும், அது போடுவது லத்தி, அதைக் கட்டும் இடம் கொட்டில் அல்லது லாயம் என்றெல்லாம் மரபுச் சொல் சொல்லிக்கொடுத்தார். குட்டியில் வந்தபோது, "தொல்காப்பியத்தில் குதிரைக்குக் கன்று என்றே இருக்கிறது. யானை, குதிரை, கழுதை, கடமை என்கிற மான், ஆன் என்கிற பசு, ஐந்துக்கும் கன்று" என்று ஒரு நூற்பாவை அவிழ்த்துவிட்டார். இவன் மறுநாள் பள்ளியில் போய்க் குதிரைக் கன்று என்று சொல்லி வகுப்பே சிரித்திருக்கிறது. இந்தமுறை அழவில்லை. "தொல்காப்பியர் தாத்தா சொன்னாரு" என்று நின்றிருக்கிறான். தொல்காப்பியர் என்றால் எதிர்வீட்டுத் தாத்தாவின் பெயர் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான், நானும் திருத்தவில்லை.

பாட்டும் தாளமும் இல்லாமல் பால்வாடிக்காரிக்கு எப்படிப் பொழுது போகும்? இரண்டு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டோம். குதிரை நடக்கும்போது நாலு குளம்பும் தனித்தனியாக விழும், தகதிமி. துள்ளுநடை போட்டால் குறுக்குக் கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து விழும், தக தக. அதைவிட வேகமெடுத்து மிதமாக ஓடினால் மூன்று அடி, தகிட தகிட. முழுப் பாய்ச்சலில் மறுபடியும் நாலு, ஆனால் மூச்சு விடாமல். வாசலில் அவன் குதிரையாக ஓட நான் தட்டினேன். பிறகு நான் தட்டுவதைக் கண்ணை மூடிக் கேட்டு என்ன நடை என்று சொல்ல வேண்டும். தெருப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். தகிடவுக்கும் தகதிமிக்கும் வித்தியாசம் தெரியாமல் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தோற்றான்.

களிமண் குதிரையும் செய்தோம். மெல்லிய கால் வைத்தால் நிற்கவில்லை, மடிந்து மடிந்து விழுந்தது. அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போய் அங்கே நிற்கும் மண்குதிரையின் காலைக் காட்டினேன், தூண் மாதிரி இருக்கும். வேளார்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று இப்போது அவனுக்குத் தெரியும். அங்கேதான் அவன் கேட்டான், "அய்யனார் குதிரைக்கு மட்டும் ஏன் வாயில கயிறு?" கோடியக்கரைக் குதிரைக்கு இல்லையே என்று. வீட்டு விலங்கு, காட்டு விலங்கு என்ற அந்தப் பாழாய்ப்போன தாளின் முழு விஷயமும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அந்தக் கயிற்றை ஒருநாள் யாரோ அவிழ்த்துவிட்டார்கள், அப்புறம் திரும்பக் கட்டவில்லை என்றேன்.

நீங்கள் எழுதிய அசட்டீக் குதிரைகளும் இப்படி வீட்டிலிருந்து போனவையின் வம்சம்தான். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையின் நெடுந்தீவில் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் தன்போக்கில் திரிகின்றன. அங்கே பழைய குதிரை லாயம் இடிந்து கிடக்கிறது, குதிரைகள் வெளியே மேய்கின்றன. மனிதன் பழக்காத குதிரை என்று சொல்வது மங்கோலியப் புல்வெளியின் பிரெவால்ஸ்கி குதிரையை மட்டும்தான், அதிலும் ஆய்வாளர்களுக்குள் வழக்கு ஓய்ந்தபாடில்லை. பெரியவர்களே வழக்காடும் விஷயத்தை ஆறு வயசுப் பிள்ளையிடம் இரண்டு கட்டத்தில் கேட்கிறோம்.

இதில் கஷ்டமான பாடம் ஒன்று இருந்தது. அந்தக் காடு வெளிமானுக்காக வைத்தது. குதிரையும் அதே புல்லைத்தான் மேய்கிறது. மானுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. குதிரைக்கு மேலும் கீழும் உண்டு, தரையோடு ஒட்டக் கடித்துவிடும். போதாததற்குச் சீமைக் கருவேலம் புல்வெளியைத் தின்றுகொண்டு வருகிறது. குதிரை கருவேல நெற்றைத் தின்று லத்தியில் விதையைப் போட்டுவிட்டும் போகிறது. குதிரை அசைபோடாத பிராணி, விதை பலதும் அரைபடாமல் வெளியே வந்துவிடும். இதை எப்படிச் சொல்வது? வாசலில் ஏழுக்கு ஏழு புள்ளி வைத்து ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு புளியங்கொட்டையை வைத்தேன். அதுதான் புல். எதிர்வீட்டுப் பெண் மான், முறைக்கு ஒன்று எடுக்கலாம். இவன் குதிரை, முறைக்கு மூன்று. நான் மழை, முறைக்கு இரண்டு திருப்பி வைப்பேன். இவன் குதிரையாகத் தின்னும் முறைக்கெல்லாம் ஒரு காலிப் புள்ளியில் கருங்கல் ஒன்றை வைக்க வேண்டும், அதுதான் கருவேலம். கல் வைத்த புள்ளியில் பிறகு புல் முளைக்காது.

முதல் ஆட்டத்தில் குதிரை ஜெயித்தது என்று குதித்தான். இரண்டாவது ஆட்டத்தை இன்னும் நீட்டினோம். கடைசியில் வாசல் பூராவும் கல். மானுக்கும் இல்லை, குதிரைக்கும் இல்லை. அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். இவன் நெடுநேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ குதிரை கெட்டதா?" என்றான். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. கெட்டது நல்லது என்பதும் இரண்டு கட்டம்தானே. மறுநாள் அவனாகவே விதியை மாற்றினான். வனத்துறை என்று ஒரு ஆள் வேண்டுமாம், முறைக்கு ஒரு கல்லைப் பிடுங்கிப் போட. அந்த வேலை எனக்கு.

கஜா புயலையும் சொன்னேன். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் எங்கள் பக்கம் கரையேறியது. அவன் அப்போது மருமகள் வயிற்றில். ஓடு பறந்தது, மா, தென்னை ஒன்று மிச்சமில்லை, நாங்கள் மூவரும் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். "குதிரை எங்க கிடந்துச்சு?" என்றான். அதற்குக் கட்டில் இல்லை, காட்டில்தான் நின்றது, மானும் குதிரையும் நிறையச் செத்துப்போயின, சிலது கடலில் அடித்துக்கொண்டு போய் வேறு ஊர்க் கரையில் ஒதுங்கின என்றேன். ராத்திரி தூங்காமல் கிடந்தான். பிறகு இருட்டில் கேட்டான், நாம் பார்த்த குட்டிகளின் அம்மா அப்போது இருந்ததா என்று. இருந்திருக்கலாம், தப்பித்ததில் ஒன்றாக இருக்கும் என்றேன். "அது வயித்துலயும் குட்டி இருந்துச்சா, அம்மா மாதிரி?" குதிரைக்குச் சுமை பதினோரு மாதம். நமக்குச் சொல்லும் பத்து மாதக் கணக்கைவிட ஒரு மாதம் கூட. இதைச் சொன்னேன். அந்த மாதக் கணக்கைக் காலண்டரில் காலையில் அவனே எண்ணிக் கட்டம் போட்டான்.

சுற்றுலா என்று வேன் வைத்துப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து நிமிடம் இறக்கி, படம் எடுத்து, சிப்ஸ் கொடுத்து ஏற்றிக்கொண்டு போவதற்குப் பதில், அந்த ஈர மண்ணில் கால் மணி நேரம் குந்த விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். குதிரை எங்கும் போய்விடாது.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, சிறுவர் பக்கத்தில் அசட்டீக் வரட்டும், கூடவே கோடியக்கரையும் வரட்டும். இரண்டு, உங்கள் பக்கத்திலும் மாதத்துக்கு ஒருமுறை விலங்குப் புதிர் வருகிறது, அதிலும் இதே இரண்டு கட்டம்தான் போடுகிறீர்கள். பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள். அதற்கு என்ன பேர் வைப்பது என்று இவனைக் கேட்டேன். பழைய தாளை எடுத்து, சிவப்பு மைக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு கட்டம் கிழித்து, எழுத்துக் கூட்டி எழுதினான்: 'வீட்லேந்து போனது'. பேசுவதை அப்படியே எழுதிவிட்டான். தமிழய்யா பார்த்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றார்.

அவன் வரைந்த குதிரைப் படம் ஒன்றும் உறையில் வைத்திருக்கிறேன். ஐந்து கால் இருக்கும், ஐந்தாவது வால். போட்டால் சந்தோஷம், போடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சுவரில் அது ஒட்டியிருந்த இடம் காலியாக இருக்கிறது என்று தினமும் கேட்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர் ஒருவர்,
வேதாரண்யம் வட்டம்.